பொருந்தினால் மட்டும் போதுமா?

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது. நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இன்றி இதை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப் பெயர்களில் ஒன்று.

இந்தக் கல்வெட்டைப் பொறியியல் கண்ணோடு ஒருமுறை பார்ப்போம். அந்த நான்கு பொருள்களையும் விலக்கிவிட்டால் அவற்றோடு இன்னொன்றும் விலகிப் போகிறது. அதுதான் ஒட்டு. செங்கல் சுவர் என்றால் செங்கலும் செங்கலும் சேரும் இடம் வேண்டும். மர வேலை என்றால் முளையும் துளையும் வேண்டும். சுண்ணம் என்பதே ஒட்டுவதற்கான சாந்துதான். மண்டகப்பட்டில் தூண், கூரை, சுவர், வாயிற்காவலர் எல்லாம் ஒரே கல். ஒட்டு இல்லாததால் பிரிந்து விழும் இடமும் இல்லை. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அதே பாறையில் இன்னும் குடைந்து எடுக்கலாம். ஒரு தூணைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது.

கணிப்பொறி இதற்கு நேர் எதிர். சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ வாங்கத் தாலுகா அலுவலகத்து இ-சேவை மையத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மேசை மேல் ஒரு கணிப்பொறி. அதைச் சுற்றி விசைப்பலகை, மௌஸ், திரை, அச்சுப்பொறி, ஸ்கேனர், படம் பிடிக்கும் காமிரா, கைரேகை பார்க்கும் சிறு பெட்டி. இவை வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவரையொருவர் பார்த்தறியாத மனிதர்களால் செய்யப்பட்டவை. ஆனாலும் எல்லாம் ஒரே இயந்திரம்போல் வேலை செய்கின்றன. கைரேகைப் பெட்டி கெட்டுப் போனால் அதை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகிறார்கள். மாட்டும் அந்த இடத்துக்குத்தான் கணிப்பொறிக்காரர்கள் ‘போர்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இணைப்பு வாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

துளையும் முளையும் பொருந்தினால் வேலை முடிந்தது என்று தச்சர் எழுந்து போகலாம். கணிப்பொறிக்கு அது போதாது. பொருந்திய பிறகுதான் வேலையே ஆரம்பம். எந்த ஊசியில் எத்தனை வோல்ட் வரலாம், எது 0, எது 1, யார் முதலில் பேசுவது, கேட்டவர் ‘கேட்டேன்’ என்று எப்படிச் சொல்வது என்று இத்தனையும் முன்கூட்டியே எழுதி வைத்து இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பு வாய் என்பது உண்மையில் ஓர் ஒப்பந்தம். கண்ணுக்குத் தெரிவது அதன் மேலட்டை மட்டுமே.

பொருத்தம் மட்டும் போதாது என்பதற்கு நல்ல சாட்சி பழைய மேசைக் கணிப்பொறிகளின் முதுகில் இருக்கிறது. உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் பழைய பெட்டி எதுவும் இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். வட்ட வடிவத்தில், 6 ஊசிகள் நுழையும் இரண்டு வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் பி.எஸ்/2 என்ற கணிப்பொறியில் கொண்டு வந்தவை. ஒன்று விசைப்பலகைக்கு, மற்றது மௌஸுக்கு. வடிவம் ஒன்றே, ஊசிகள் ஒன்றே, 5 வோல்ட் என்ற மின்னழுத்தமும் ஒன்றே. ஆனால் இடம் மாற்றி மாட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டுமே ஊமையாகிவிடும். ஏனென்றால் இந்த வாயில் விசைப்பலகைதான் பேசும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கணிப்பொறிக்கு மௌஸின் பேச்சு புரியாது. மக்கள் ஓயாமல் மாற்றி மாட்டியதால் பிற்பாடு விசைப்பலகை வாய்க்கு ஊதா, மௌஸ் வாய்க்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். ஒப்பந்தத்தில் விட்டுப்போனதை வண்ணத்தால் ஈடுகட்டிய கதை இது.

சரி, 0-வும் 1-ம் ஒரு கம்பி வழியாக எப்படிப் போகின்றன? இதற்கான மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்று ஆர்.எஸ்.-232. அமெரிக்காவில் 1960-ல் வகுத்தார்கள். 1969-ல் திருத்திய வடிவம்தான் உலகம் முழுவதும் பரவியது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் அது 0. –3 முதல் –15 வோல்ட் வரை இருந்தால் அது 1. இடையில் உள்ள –3 முதல் +3 வரைக்கும் பொருளே கிடையாது. ஏன் இப்படி ஒரு வெற்றிடம்? நீண்ட கம்பியில் பக்கத்து மோட்டாரும் குழல் விளக்கும் கிளப்பும் மின் இரைச்சல் ஏறிக்கொள்ளும். 1 வோல்ட் அளவுக்கு இரைச்சல் ஏறினாலும் 0 என்பது 1 ஆகிவிடக் கூடாது அல்லவா? இரண்டு வயல்களுக்கு நடுவில் அகலமான வரப்பு விட்டாற்போல அந்த வெற்றிடத்தை விட்டு வைத்தார்கள்.

‘ஏ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குரிய எண் 65. இரும முறையில் எழுதினால் 01000001, அதாவது 8 பிட்டுகள். ஒரே கம்பியில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். ‘இதோ வருகிறது’ என்று சொல்ல முன்னால் ஒரு பிட், ‘முடிந்தது’ என்று சொல்லப் பின்னால் ஒரு பிட். ஆக 10 பிட். நொடிக்கு 9,600 பிட் வேகம் என்றால் நொடிக்கு 960 எழுத்துகள் போகும். இரு பக்கமும் ஒரே வேகத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் 9,600 என்றும் மற்றவர் 4,800 என்றும் நினைத்துக்கொண்டால் வருவது எழுத்து அல்ல, வெறும் குப்பை. வீட்டுக் கணிப்பொறிகளை விட்டு இந்த வாய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலை இயந்திரங்களிலும், மூட்டை நிறுக்கும் மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறத்திலும் 9 ஊசி கொண்ட இந்த வாயை இன்றும் பார்க்கலாம். எடையைக் கணிப்பொறிக்குச் சொல்ல நொடிக்கு 960 எழுத்து தாராளம்.

ஒவ்வொன்றாக ஏன் அனுப்ப வேண்டும், 8 கம்பிகளில் 8 பிட்டுகளையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன? இதுதான் இணை முறை. 1970-ல் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க அச்சுப்பொறி நிறுவனம் தன் பொறிக்காக வைத்த ஏற்பாடு, பிறகு மற்ற எல்லா அச்சுப்பொறிகளுக்கும் பொதுவாகிவிட்டது. 1981-ல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியும் அதையே பின்பற்றி, தன் பக்கத்தில் 25 துளைகள் கொண்ட நீண்ட வாயை வைத்தது. ‘கிர்ர்... கிர்ர்...’ என்று கத்திக்கொண்டு அச்சடிக்கும் புள்ளி அச்சுப்பொறிகளை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றின் தடித்த கேபிள் இந்த வகைதான்.

இதில் நடக்கும் உரையாடல் மிக அழகானது. 8 கம்பிகளிலும் 65 என்ற எண்ணை வைத்துவிட்டு, ‘எடுத்துக்கொள்’ என்று கணிப்பொறி இன்னொரு கம்பியில் ஒரு சிறு துடிப்பைக் கொடுக்கும். அச்சுப்பொறி எடுத்துக்கொண்டதும் ‘பெற்றேன்’ என்று வேறொரு கம்பியில் பதில் துடிப்பு வரும். தாள் நகர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது முடியாது என்றால் ‘வேலையாயிருக்கிறேன்’ என்ற கம்பியில் மின்னழுத்தம் ஏறி நிற்கும், கணிப்பொறி காத்திருக்கும். தாள் தீர்ந்தது என்று சொல்லவும் தனிக் கம்பி உண்டு. கணிப்பொறி நொடிக்குக் கோடிக்கணக்கான வேலைகளைச் செய்யக்கூடியது; அச்சுப்பொறியோ நொடிக்குச் சில நூறு எழுத்து. வேகக்காரனும் மெதுவானவனும் சேர்ந்து வேலை செய்ய இந்தக் கைகுலுக்கல் இல்லாமல் முடியாது.

இங்கே தமிழுக்கு ஒரு தொல்லை வந்தது. 65 வந்தால் என்ன எழுத்து என்பது அச்சுப்பொறியின் நினைவகத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே தமிழில் அச்சிட விரும்பிய மென்பொருள்கள் ‘அ’ என்ற எழுத்தை எழுத்தாக அனுப்பவில்லை. இந்த ஊசி குத்து, அந்த ஊசி குத்தாதே என்று புள்ளி புள்ளியாக ஒரு படமாகவே அனுப்பின. அச்சுப்பொறிக்குத் தான் அடித்தது தமிழ் என்று தெரியவே தெரியாது. எழுத்தாக அனுப்புவதைவிட நேரம் கூடுதலாக ஆயிற்று. வழி இருந்தது, ஆனால் ஒப்பந்தம் எழுதியவர்கள் நம்மை நினைக்கவில்லை.

8 கம்பிகள் ஒரு கம்பியைவிட 8 மடங்கு வேகமாகத்தானே இருக்க வேண்டும்? முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஏன் உலகம் மறுபடி ஒற்றை வழிக்குத் திரும்பியது? செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு 8 மாட்டு வண்டிகளை ஒரே நேரத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 8-ம் சேர்ந்துதான் ஒரு செய்தி. எவ்வளவு ஒற்றுமையாகப் புறப்பட்டாலும் ஒரு வண்டி 10 நிமிடம் முன்னே, இன்னொன்று 10 நிமிடம் பின்னே போய்ச் சேரும். மணிக்கு ஒருமுறை ஒரு வரிசை என்றால் குழப்பமில்லை. 5 நிமிடத்துக்கு ஒரு வரிசை என்று வேகத்தைக் கூட்டினால், முன் வரிசையின் பிந்திய வண்டியும் பின் வரிசையின் முந்திய வண்டியும் கலந்துவிடும். கம்பிகளிலும் இதேதான். கேபிளில் மின் குறிகை ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய 20 செ.மீ. ஓடுகிறது. கம்பிகளின் நீளத்திலோ தன்மையிலோ சிறு வேறுபாடு இருந்தாலும் பிட்டுகள் முன்பின்னாக வரும். தவிர, பக்கத்துக் கம்பிகள் ஒன்றின் பேச்சை ஒன்று ஒட்டுக் கேட்கும். ஒரே வழியில் மிக மிக வேகமாக ஓடுகிற ஒற்றை வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

1990-களின் நடுவில் ஒரு கணிப்பொறியின் முதுகு எப்படி இருந்தது தெரியுமா? விசைப்பலகைக்கு ஒரு வாய், மௌஸுக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி மோடத்துக்கு ஒன்று, விளையாட்டுக் கைப்பிடிக்கு ஒன்று. புதிதாக எதையாவது மாட்ட வேண்டுமானால் பெட்டியை அணைத்து, சில சமயம் திருகுகளைக் கழற்றி, உள்ளே அட்டை செருகி, சிறு விசைகளைத் தள்ளி வைத்து, மறுபடி இயக்க வேண்டும். இந்த அவதிக்கு முடிவு கட்டிய குழுவில் முக்கியமானவர் நம் நாட்டவர். பெயர் அஜய் பட். 1957-ல் பிறந்து, பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா சென்று 1990-ல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தவர். வீட்டில் அச்சுப்பொறியை இணைப்பதற்குத் தம் குடும்பத்தார் பட்ட பாடும் இந்த எண்ணத்துக்கு ஒரு தூண்டுதல் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்டெல் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் சேர்ந்து 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. என்ற புதிய ஒப்பந்தத்தை வெளியிட்டன. 2013-ல் அவருக்கும் அவருடைய குழுவுக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

யு.எஸ்.பி.யின் முதல் வடிவத்தில் 4 கம்பிகள்தாம். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. ஒரு பழைய பென் டிரைவையோ மௌஸ் கேபிளின் முனையையோ வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். 4 தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் நீளமாக, நடுவில் உள்ள இரண்டும் சற்றுக் குட்டையாக இருக்கும். தற்செயலாக அமைந்ததன்று. ஓரத்து இரண்டும் மின்சாரத் தகடுகள். செருகும்போது அவை முதலில் தொடும். கருவிக்கு உயிர் வந்த பிறகே பேச்சுக் கம்பிகள் தொடும். பிடுங்கும்போது பேச்சு முதலில் நின்று, மின்சாரம் கடைசியில் போகும். கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டிக் கழற்றலாம் என்ற வசதிக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சமும் ஒரு காரணம். இந்தச் சிறு தகட்டைப் போல மனத்துக்கு நிறைவு தரும் பொறியியல் வேலை வேறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

செருகியவுடன் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கணிப்பொறியின் பக்கத்தில் இரண்டு பேச்சுக் கம்பிகளும் பெரிய மின்தடைகள் மூலம் 0 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கருவியின் உள்ளே 1,500 ஓம் மின்தடை ஒன்று அவற்றில் ஒரு கம்பியை மேலே இழுக்கிறது. ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணிப்பொறி அறிவது இதனால்தான். மௌஸ் போன்ற மெதுவான கருவி ஒரு கம்பியை இழுக்கும். வேகமான கருவி மற்றதை இழுக்கும். ஆகவே யார் வந்தார் என்று தெரிவதற்கு முன்பே எவ்வளவு வேகமாகப் பேசுவார் என்று தெரிந்துவிடுகிறது. வாசலில் செருப்புச் சத்தத்தை வைத்தே வந்தவர் பெரியவரா சிறியவரா என்று சொல்வதில்லையா, அதுபோல.

பிறகு கணிப்பொறி கேள்வி கேட்கத் தொடங்கும். நீ யார்? எந்த நிறுவனம் செய்தது? அந்த நிறுவனத்தின் எத்தனையாவது கருவி? விசைப்பலகையா, காமிராவா, சேமிப்புக் கருவியா? எவ்வளவு மின்சாரம் வேண்டும்? புதிதாக வந்தவர் 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கி இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகே யு.எஸ்.பி. 2 வாயில் 500 வரை எடுக்கலாம். வரும் எல்லாக் கருவிக்கும் தொடக்கத்தில் முகவரி 0. விசாரணையின் நடுவே ஒரு புது எண் தரப்படும். முகவரிக்கு 7 பிட் இடம் என்பதால் 128 எண்கள், 0 புதியவருக்கு ஒதுக்கியது, மீதி 127. ஒரு கணிப்பொறியின் ஒரு யு.எஸ்.பி. வழியில் 127 கருவிகள் வரை இருக்கலாம் என்று சொல்வது இதனால்தான். இத்தனையும் நீங்கள் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

முகவரி கொடுப்பதைக் கையாலும் செய்யலாம். அதற்கு நம் நாட்டிலேயே எல்லோரும் தொட்டுப் பார்த்த உதாரணம் இருக்கிறது. உங்கள் பெற்றோர் வாக்களிக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான் அது. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. வாக்காளர் பொத்தானை அழுத்தும் பெட்டி ஒன்று, தேர்தல் அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று; இரண்டையும் இணைப்பது 5 மீட்டர் நீளக் கேபிள். ஒரு வாக்குப் பெட்டியில் 16 பொத்தான்கள். வேட்பாளர்கள் அதைவிட அதிகமானால் அடுத்த பெட்டியை இதனோடு கோத்து மாட்டுகிறார்கள். எந்தப் பெட்டி முதலாவது, எது இரண்டாவது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் சிறு விசையைத் திருப்பி மனிதர் கையால் குறிக்க வேண்டும். முந்திய தலைமுறை இயந்திரத்தில் 4 பெட்டிகள் வரை, அதாவது 64 பெயர்கள் வரை போகலாம். இப்போதைய தலைமுறையில் 24 பெட்டிகள், 384 பெயர்கள். 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 185 வேட்பாளர்கள் நின்றபோது 12 பெட்டிகளைக் கோத்துத்தான் தேர்தல் நடந்தது. 2013-லிருந்து, வாக்குச் சீட்டை 7 நொடி காட்டி உள்ளே விழச் செய்யும் பெட்டியும் இந்தச் சங்கிலியின் நடுவில் சேர்ந்துகொண்டது. மண்டகப்பட்டுப் பாறையில் முடியாத காரியம் இது!

இந்த இயந்திரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அலுவலர் தம் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதித்த பிறகுதான் வாக்குப் பெட்டி ஒரே ஒரு வாக்கை ஏற்கும். தானாகப் பேச அதற்கு உரிமையில்லை. யு.எஸ்.பி.யிலும் இதே கட்டுப்பாடுதான். கருவி எதுவும் தானாகப் பேசாது. நீங்கள் மௌஸை நகர்த்தியதும் அது கணிப்பொறியிடம் ஓடிப் போய்ச் சொல்கிறது என்று நினைப்போம். இல்லை. ‘நகர்ந்தாயா? நகர்ந்தாயா?’ என்று கணிப்பொறிதான் பொதுவாக நொடிக்கு 125 முறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கும்போது மட்டும் மௌஸ் பதில் சொல்கிறது. பலர் ஒரே வழியில் கூச்சலிடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

விசைப்பலகையின் பதிலும் சுவையானது. நீங்கள் ஆங்கில ‘ஏ’ விசையை அழுத்தினால் அது ‘ஏ’ என்றோ 65 என்றோ சொல்வதில்லை. ‘4-ஆம் எண் விசை அழுத்தப்பட்டது’ என்று மட்டும் சொல்கிறது. அதற்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பது கணிப்பொறிக்குள் இருக்கும் மென்பொருள். ஆங்கில அமைப்பு என்றால் ‘ஏ’. 1999-ல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு என்றால் ‘அ’. பழைய தட்டச்சு அமைப்பு என்றால் ‘ய’. அச்சுப்பொறி ஒப்பந்தத்தில் தமிழுக்கு இடமில்லாமல் போனது. விசைப்பலகை ஒப்பந்தத்தில் எந்த மொழிக்கும் தனி இடம் தரப்படவில்லை, ஆகவே எல்லா மொழிக்கும் இடம் கிடைத்தது. உலகின் எந்த மூலையில் செய்த விசைப்பலகையை வாங்கினாலும் அதில் தமிழ் அடிக்க முடிவது இதனால்தான்.

யு.எஸ்.பி.க்குக் குறைகள் இல்லாமல் இல்லை. முதல் வடிவத்து முனையைத் தலைகீழாக வைத்துச் செருகப் பார்த்து, திருப்பி, மறுபடி திருப்பிச் செருகாதவர் யார்? எப்படிச் செருகினாலும் ஏற்கும்படி செய்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரு மடங்காகிச் செலவு கூடும் என்பதால் அப்போது விட்டுவிட்டோம் என்று அஜய் பட் கூறியிருக்கிறார். 2014-ல் வந்த டைப்-சி முனை இதைத் தீர்த்தது. அதில் 24 தொடு முனைகள், மேலே 12, கீழே 12. எந்தப் பக்கம் மேலே வந்திருக்கிறது என்பதை அறிவதற்கென்றே தனி முனைகள் உண்டு. மின்சாரத்துக்கும் அங்கே பேரம் நடக்கிறது. முதலில் 5 வோல்ட்தான் வரும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே 9, 15, 20 என்று ஏறும். 2021-ல் திருத்திய விதிப்படி 48 வோல்ட், 240 வாட் வரை போகலாம். அதிக மின்னோட்டம் தாங்கும் கேபிள் என்றால் அந்தக் கேபிளுக்குள்ளேயே ஒரு சில்லு உட்கார்ந்து, ‘என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்’ என்று சாட்சி சொல்ல வேண்டும்.

வேகமும் இப்படித்தான் வளர்ந்தது. 1996-ல் நொடிக்கு 1 கோடியே 20 இலட்சம் பிட். 2000-ல் 48 கோடி. 2008-ல் 500 கோடி. ஆனால் இங்கேதான் பழைய ஊதா-பச்சைக் கதை வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. கடையில் தொங்கும் இரண்டு டைப்-சி கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று நொடிக்கு 48 கோடி பிட்டோடு நின்றுவிடும். மற்றது அதைப் போல் பல மடங்கு ஓடும். ஒன்றில் திரைக்குப் படம் அனுப்பலாம், மற்றதில் முடியாது. வாய் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று ஆனதும் கேபிளின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தே வாங்க வேண்டியதாயிற்று. இருந்தாலும் நன்மையே அதிகம். ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒவ்வொரு சார்ஜர் என்ற நிலை மாற இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ அங்கே விற்கும் புதிய கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது.

பென் டிரைவைப் பற்றி ஒரு செய்தி. கோப்பு நகலாகிவிட்டது என்று திரையில் வந்தாலும், கணிப்பொறி அதில் ஒரு பகுதியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர எழுதிக்கொண்டிருக்கலாம். ‘பாதுகாப்பாக வெளியேற்று’ என்று கட்டளை கொடுத்தால், எஞ்சியதை எழுதி முடித்துவிட்டு விடைகொடுக்கும். பாதியில் பிடுங்கினால் நாளைக்குக் கொடுக்க வேண்டிய செய்முறைப் பதிவேடு பாதி மட்டுமே இருக்கும். குட்டைத் தகடுகள் மின்சுற்றைக் காக்கும்; கோப்பைக் காக்கா.

இனி இதன் மிகப் பெரிய ஓட்டை. ‘நீ யார்?’ என்று கணிப்பொறி கேட்கிறது என்றோம். கருவி சொல்லும் பதிலை அது அப்படியே நம்பிவிடுகிறது! ஒரு பென் டிரைவின் உள்ளே இருக்கும் சில்லின் நிரலை மாற்றி எழுதிவிட்டால், ‘நான் ஒரு விசைப்பலகை’ என்று அது பொய் சொல்லலாம். கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். பிறகு கண்ணுக்குத் தெரியாத விரல்கள் தட்டுவதுபோல அது கட்டளைகளை அனுப்பும். 2014-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். அதற்கு முன்பு 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல், வலையோடு இணையாத இயந்திரங்களையும் எட்டும்படி, பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாகவே எழுதப்பட்டிருந்தது. நமது வாக்குப்பதிவு இயந்திரத்தின் இப்போதைய தலைமுறையில், பெட்டிகள் ஒன்றையொன்று சோதித்து, தம் இனத்தைச் சேர்ந்தது என்று உறுதியான பிறகே இணைந்து வேலை செய்யும் என்று தேர்தல் ஆணையம் கூறுகிறது. வீட்டு யு.எஸ்.பி. வாயின் அடிப்படை ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட சோதனை இல்லை. எல்லோரும் எளிதாக மாட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. ஆகவே வழியில் கிடந்த பென் டிரைவை ‘என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று பள்ளிக் கணிப்பொறியில் மாட்டிப் பார்க்காதீர்கள்.

பேருந்து நிலையத்திலும் இரயில் பெட்டியிலும் இருக்கும் சார்ஜ் வாய்களுக்கும் இது பொருந்தும். சுவரில் தெரிவது வாய் மட்டும். அதன் பின்னால் வெறும் மின்சாரம் இருக்கிறதா, ஒரு கணிப்பொறி இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. செருகியதும் கைபேசித் திரையில் ‘சார்ஜ் மட்டுமா, கோப்புகளையும் காட்டலாமா?’ என்று ஒரு கேள்வி வந்தால், எதிர்ப்பக்கம் பேச முயல்கிறது என்று பொருள். வெறும் மின்சாரம் என்றால் அந்தக் கேள்வியே வராது. சார்ஜ் செய்வதற்கு மட்டும் என்று விற்கும் மலிவான கேபிள்கள் சில உண்டு. அவற்றுக்குள் 4 கம்பிகளுக்குப் பதில் 2 மட்டுமே ஓடும். அவற்றில் சிலவற்றின் பழைய வடிவ முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுவில் அந்தக் குட்டைத் தகடுகள் இரண்டும் இருக்கவே இருக்கா.